வெறும் தகவல்

எங்கள் நிலையத்தில் பிழையே நடப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் பலகை சொல்கிறது. ‘பிழையின்றி இயங்கிய நாட்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே எண் அட்டைகளைத் தொங்கவிட ஆணி அடித்திருக்கிறார்கள். தினமும் காலையில் காவலாளி ஸ்டூல் போட்டு ஏறி, நேற்றைய அட்டையைக் கழற்றி இன்றையதை மாட்டுவார். எண் பெருத்துப்போய் இன்னோர் ஆணி அடிக்க வேண்டி வந்தபோது அந்த ஆணிக்கு ஒரு விழா எடுத்தோம். இயக்குநரே சுத்தியலைப் பிடித்தார். கேக் வெட்டினார்கள். எனக்கு ஓரத்துத் துண்டு கிடைத்தது, கிரீம் இல்லாதது.

அப்படி என்னதான் செய்கிறது இந்த நிலையம் என்று கேட்பீர்கள். ஊரில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிகள் அத்தனைக்கும் நோயாளிகளின் விவரம் எங்களிடம்தான் இருக்கிறது. யாருக்கு என்ன நோய், எந்த டாக்டர், எந்தத் தேதியில் ஆபரேஷன், எல்லாம் எங்கள் கட்டடத்தில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு டேட்டாபேஸுக்குள் அடக்கம். காகிதத்தை ஒழித்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். தினமும் காலையில் நாங்கள் அனுப்பும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் ஸ்ட்ரெச்சர் போகும். பெயர் இல்லையென்றால் டாக்டரே வாசலில் வந்து நின்று கூப்பிட்டாலும் போகாது.

அந்த டேட்டாபேஸ் விழுந்தால் தூக்கி நிறுத்துவது என் வேலை. அதற்கு மீட்பு என்று பெயர். அதனால் எனக்கு ‘மீட்பர்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீன்காரர்கூட “மீட்பருக்கு ஒரு டீ” என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். மீட்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் தான் செய்ததையெல்லாம் ஒரு நடப்புப் பதிவில் வரிசையாக எழுதிக்கொண்டே வரும். விழுந்துவிட்டால், மீட்பு நிரலை ஓடவிட வேண்டும். அது அந்தப் பதிவை முதலிலிருந்து படித்து, செய்ததையெல்லாம் திரும்பச் செய்யும். வழியில் இடறினால் ஒரு வரி எழுதிக் காட்டும். அந்த வரிக்கு ஒரு நிலை உண்டு. தகவல், எச்சரிக்கை, பிழை, அபாயம் என்று நான்கு.

இவை வெறும் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். ‘தகவல்’ என்றால் நிரல் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், அந்த வரியைக்கூடச் சேமிக்காது. இடத்தை மிச்சம் பிடிக்கிறோமாம். ‘எச்சரிக்கை’ என்றால் எழுதி வைத்துவிட்டுத் தாண்டும். ‘பிழை’ என்றால் அங்கேயே நின்றுவிடும். ஆள் போய்ச் சரிசெய்தால்தான் நகரும். பலகையில் எண்ணும் பூஜ்யத்துக்கு இறங்கும். ‘அபாயம்’ என்றால் சங்கு ஊதும், பலகைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். எண் மட்டும் இறங்காது, பலகை எண்ணுவது பிழையை மட்டும்தான்.

முன்பெல்லாம் எந்த வரிக்கு எந்த நிலை என்பதை நிரல் எழுதியவரே முடிவுசெய்தார். அந்த மனிதர் பயந்த சுபாவம். ஏற்கனவே அழித்த கோப்பைக் காணவில்லை என்பதற்கெல்லாம் ‘அபாயம்’ போட்டு வைத்திருந்தார். அழித்தால் காணாமல்தான் போகும், அதில் என்ன அபாயம்? ஒருநாள் மேலிடத்து விருந்தாளி ஒருவர் வந்திருந்த நேரம் பார்த்து இதற்காகச் சங்கு ஊத, இயக்குநர் தூக்கிவாரிப்போட்டுக் கையிலிருந்த காபியை அந்த விருந்தாளியின் மடியில் கொட்டிவிட்டார். அன்று பிறந்ததுதான் நிலை நிர்ணயக் குழு. அதிலிருந்து மீட்பின்போது வரும் எந்த வரிக்கும் குழு கூடித்தான் நிலை சொல்ல வேண்டும். நியாயமான காரணத்துக்குப் பிறந்த குழுதான். எங்கள் அலுவலகத்தில் எல்லாமே நியாயமாகத்தான் பிறக்கும், வளரும்போதுதான் கோணிக்கொள்ளும்.

அந்தத் திங்கட்கிழமை காலை மின்சாரம் வந்து வந்து போனதில் டேட்டாபேஸ் விழுந்தது. விழுந்தது என்று எழுதக் கூடாது, ‘ஓய்வில் உள்ளது’ என்று எழுத வேண்டும், அதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது. ஓய்வில் இருப்பதை எழுப்புவதற்கு முன் ஒத்திகை பார்ப்போம். ஒத்திகையில் நிரல் எதையும் மாற்றாது, எங்கெங்கே இடறும் என்று மட்டும் காட்டும். அழித்த கோப்பைக் காணவில்லை, அழித்த கோப்பைக் காணவில்லை என்று வழக்கமான புலம்பல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு புது வரி வந்தது. ‘பக்கம் சிதைந்துள்ளது. இதில் உள்ள நோயாளிகளைப் படிக்க இயலவில்லை. நிலை: நிர்ணயிக்கப்படவில்லை.’

டேட்டாபேஸ் விவரங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத்தான் வைத்திருக்கும். எந்தப் பக்கம் என்று பார்த்தேன். இதயப் பிரிவு. போன மாதம் ஒரே வாரத்தில் ஆபரேஷன் தேதி வாங்கியவர்கள். அந்த வாரத்தில்தான் என் அக்காவுக்குத் தேதி கிடைத்தது.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியபோது, “இதுவே என் வண்டியா இருந்தா நானே பிரிச்சு மாட்டியிருப்பேன்” என்று அவரிடமே சொன்னவள். வேன் சாவியை வாங்கிவைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நான் போன் செய்தேன்.

“என்னடா, ஆபீஸ் நேரத்துல போன் பண்ற? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?”

“இல்லக்கா, சும்மாதான். எப்படி இருக்க?”

“மாடி ஏறினாத்தான் நோயாளி. உக்காந்திருந்தா ராணி. வெள்ளிக்கிழமைக்குப் பை கட்டியாச்சு. உங்க மாமா அதைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டறார். சோப்பு வெச்சியா, சீப்பு வெச்சியான்னு உயிரை வாங்கறார்.”

“கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கோளாறுக்கா.”

“அது என்னிக்குடா நல்லா இருந்துச்சு? அதைப் பார்த்துக்கத்தானே உன்னை வெச்சிருக்காங்க, போய் வேலையைப் பாரு” என்று வைத்துவிட்டாள்.

பார்த்துக்கொள்ள முடியாத விஷயமும் இல்லை. ஊரின் இன்னொரு மூலையில் எங்களுக்குப் பிரதிக் கட்டடம் ஒன்று உண்டு. எங்களிடம் சிதைந்த பக்கம் அங்கே இருக்கும் பிரதியில் முழுசாக இருக்கும். அந்த வரிக்கு ‘பிழை’ என்று நிலை போட்டால் நிரல் அங்கே நிற்கும். நான் போய்ப் பக்கத்தை எடுத்து வந்து பொருத்துவேன், நிரல் மேலே போகும். ஒரு பொழுது வேலை. ‘தகவல்’ என்று போட்டால் பக்கத்தைத் தாண்டி ஓடி முடித்துவிடும். முடித்த கையோடு பழைய நடப்புப் பதிவை அழித்து, பிரதியின் மேலும் புதியதை எழுதிவிடும். அப்புறம் அந்தப் பக்கத்து மனிதர்கள் எங்கேயும் இருக்க மாட்டார்கள். ஆக, என் அக்கா தியேட்டருக்குள் போவதும் வீட்டுக்குத் திரும்புவதும் ஒரு சொல்லில் இருந்தது.

குழு மதியம் கூடியது. நெருங்கி உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் சின்ன அறை. அதில் ஆளுக்கு ஒரு மைக். குழுத் தலைவரை நாங்கள் ‘சமாதானம்’ என்று கூப்பிடுவோம், அவர் எந்த விஷயத்தையும் “சமாதானமா போவோம்” என்று முடிப்பதால். அவருக்கு வலப்பக்கம் மொழி ஆலோசகர், இடப்பக்கம் மனநல ஆலோசகர். டேட்டாபேஸ் தெரிந்தவர் யாரும் குழுவில் கிடையாது, தெரிந்தவர்களுக்கு முன்முடிவு இருக்கும் என்பதால்.

சமாதானம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். “முதல்ல ஒண்ணு தெளிவாயிடட்டும். மீட்புன்னா என்ன? கெட்டது நடந்து முடிஞ்சப்புறம் நடக்கறது. எல்லாம் முடிஞ்சப்புறம் அதுல புதுசா எப்படிங்க பிழை வரும்? வீடு எரிஞ்சு முடிஞ்சாச்சு, நாம சாம்பல் அள்ளிட்டிருக்கோம். சாம்பல்ல போய் நெருப்பு இருக்குன்னு யாராவது சொல்வாங்களா?”

“இருக்கும் சார்” என்றேன்.

“இதைக் கூட்டக் குறிப்புல எழுத வேண்டாம்” என்றார்.

மொழி ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “‘சிதைந்துள்ளது’ங்கறது ரொம்பக் கடுமையா இருக்கு. பக்கம் அது பாட்டுக்கு இருக்கு, நிரலுக்குப் படிக்க வரல. நாம ஏன் பக்கத்தைக் குத்தம் சொல்லணும்? யாரையும் குத்தம் சொல்லாத மாதிரி எழுதறதுதான் நிர்வாக மொழி. நான் அதைத்தான் முப்பது வருஷமா வளர்த்துட்டு வரேன்.”

மனநல ஆலோசகர் ஓர் ஆய்வு செய்திருந்தார். ஒரே வரியைப் பாதிப் பேருக்குப் ‘பிழை’ என்றும் மீதிப் பேருக்குத் ‘தகவல்’ என்றும் காட்டினாராம். “பிழைன்னு பார்த்தவங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறிடுச்சு. தகவல்னு பார்த்தவங்க நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாங்க. இதுல நமக்கு எந்த ஊழியர் வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

“நோயாளிகளுக்கு எப்படி மேடம் இருந்தது?” என்று கேட்டேன்.

“அவங்கதான் நம்ம வரியைப் படிக்கறதில்லையே” என்றார், உண்மையிலேயே புரியாமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்தப் பக்கத்துல மனுஷங்க இருக்காங்க. இதயத்துல ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினவங்க. தாண்டிப் போனா அவங்களுக்குத் தேதியே இருக்காது. என் சொந்த அக்கா அதுல இருக்கா. ‘பிழை’ன்னு ஒரு வார்த்தை போடுங்க, ஒரே நாள்ல சரி பண்ணிடறேன்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனம் இளகிவிட்டார்கள் என்று நினைத்தேன். சமாதானம் மெதுவாகச் சொன்னார், “அக்காவா? அப்ப உங்களுக்குச் சொந்த ஈடுபாடு வந்துடுச்சே. நீங்க இதுல பேசக் கூடாதுங்க. நாளைக்கு யாராவது கேட்டா நமக்குத்தான் அசிங்கம்.” என் முன்னால் இருந்த மைக்கை எடுத்துவிட்டார்கள். வெளியே போகச் சொல்லவில்லை, அவ்வளவு கொடியவர்கள் இல்லை. ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் தட்டை நகர்த்தலாம் என்று அனுமதித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை துணைக்குழு கூடியது. தகவலுக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே இடைவெளி ரொம்ப அதிகம், மனிதர்கள் தடுமாறி விழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, புது நிலைகளைப் பரிசீலித்தார்கள். ‘மென்தகவல்’ வந்தது. ‘கவனத்துக்குரிய தகவல்’ வந்தது. இதில் யாருடைய கவனம் என்ற கேள்வி எழுந்ததும் தள்ளிவைத்தார்கள். ‘வருந்தத்தக்க தகவல்’ என்பதை மொழி ஆலோசகர் மிகவும் விரும்பினார். ஆனால் அப்படிப் போட்டால் யாராவது ஒருவர் வருந்த வேண்டிவரும், அதற்கென்று நிலையத்தில் பதவி இல்லை என்று சமாதானம் எடுத்துச் சொன்னார். புதுப் பதவிக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்க எவ்வளவு காலமாகும் என்று கணக்குப் பார்த்துவிட்டு அதையும் கைவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் அன்று யாருக்கும் ஆபரேஷன் நடக்கவில்லை. ‘பட்டியல் ஓய்வில் உள்ளது’ என்று எல்லா வாசலிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

புதன்கிழமை கள ஆய்வு. குழு முழுவதும் குளுகுளு அறைக்குள் வந்தது. சிதைந்த பக்கத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். பார்க்க அங்கே என்ன இருக்கிறது, ஒரு கறுப்புப் பெட்டிதான் இருக்கிறது. சமாதானம் குனிந்து அதைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் தொட்டுப் பார்த்தார். “நல்லாத்தானேய்யா இருக்கு? விளக்கெல்லாம் ஜோரா மினுக்குது. இதைப் போய் சிதைஞ்சு போச்சுங்கறீங்க” என்று என்னைக் கடிந்துகொண்டார். மனநல ஆலோசகருக்குக் குளிர் தாங்காமல் தும்மல் வந்ததால் ஆய்வு அத்துடன் முடிந்தது.

அப்போதுதான் இயக்குநர் உள்ளே வந்தார். ‘முன்மாதிரி நிலையம்’ என்று ஒரு விருது உண்டு. அதைக் கொடுப்பவர்கள் மறுநாள் பார்வையிட வருகிறார்கள் என்று அறிவித்தார். அதற்குள் டேட்டாபேஸ் எழுந்து நிற்க வேண்டும், பலகையும் இறங்கக் கூடாது. நின்றபடியே ஒரு சிறு உரையும் ஆற்றினார். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“நான் பொறுப்புக்கு வந்ததுலேர்ந்து இங்க ஒரு பிழைகூட இல்ல. எப்படின்னு வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் ராத்திரி பகலா பிழையைச் சரி பண்ணிட்டிருந்தார், அதனால அவர் காலத்துல பிழை இருந்துச்சு. நான் ஒண்ணைக்கூடச் சரி பண்ணதில்ல. பேர் வெக்காம விட்டேன், அவ்வளவுதான். பேர் வெச்சாத்தானே அது வந்து உக்காரும்? இதுக்குப் பேர்தான் தலைமை.”

எல்லாரும் கைதட்டினார்கள். குழுவின் பின்னால் தூக்கி வந்த பிஸ்கட் தட்டு கையில் இருந்ததால் நான் தட்டவில்லை. அந்த வரிக்கு ஒருமனதாக ‘தகவல்’ என்று நிலை நிர்ணயித்தார்கள். “வெறும் தகவல்தான், சமாதானமா போவோம்” என்று சமாதானம் முடித்துவைத்தார். நிரலை ஓட்டும் வேலையையும் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், எனக்குச் சொந்த ஈடுபாடு இருக்கிறதே.

நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துப் பிரதிக் கட்டடத்துக்கு ஓடினேன். அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டால் பிறகு ஏதாவது வழி பார்க்கலாம் என்று நப்பாசை. பிரதிக் காப்பாளர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“தாராளமா எடுத்துக்கங்க. பிழை அறிக்கை எண் மட்டும் சொல்லுங்க.”

“பிழைன்னு அறிவிக்கலைங்க.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“பிழை நடந்திருக்கு, அறிவிக்கலை.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பி, அறிவிக்காத பிழைக்கு நான் எப்படிப் பக்கம் குடுக்கறது? உடம்பு சரியில்லையா உங்களுக்கு?” என்று தண்ணீர் கொடுத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய திரையில் ஒரு வரி வந்தது. ‘மீட்பு முழுமை பெற்றது. பிழைகள்: இல்லை. பிரதி புதுப்பிக்கப்பட்டது.’ அவருக்குச் சந்தோஷம். “பாத்தீங்களா, எல்லாம் சரியாயிடுச்சு” என்று என் தோளில் தட்டினார். எனக்கு அந்த டம்ளரை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாவற்றையும் முன்னாலேயே அக்காவிடம் சொல்லியிருந்தேன். இருந்தும் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையோடு வந்திருந்தாள். மாமா பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பதிவு ஜன்னலில் இருந்த பெண் அக்காவின் நோயாளி அட்டையை வாங்கி, அதிலிருந்த எண்ணைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள்.

“இந்த நம்பர்ல யாரும் இல்லையேம்மா.”

“இந்த நம்பர்ல நான்தான் இருக்கேன். எதிர்ல நிக்கறேன், பாரு” என்றாள் அக்கா.

“நிக்கறீங்க. கம்ப்யூட்டர்ல இல்ல. இல்லாதவங்க அட்டையை நாங்க வாங்கி வெச்சுக்கணும்மா, அதான் ரூல்.”

அக்கா ஜன்னலுக்குள் கையை விட்டு அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “என் அட்டை இது. இதையும் குடுத்துட்டு நான் யாருன்னு போய் நிக்கறது?” அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை.

ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் நடைபாதையில் எதிரே வந்தார். அக்காவை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, வண்டி வால்வு பேச்சைக்கூடச் சொல்லிச் சிரித்தார். “எனக்குத் தெரியும்மா உங்களை. ஆனா பட்டியல்ல பேர் வராம உள்ள கொண்டுபோனா மயக்க மருந்து டப்பாகூடத் திறக்காது. புதுசா பதிஞ்சுடுங்க.” புதிதாகப் பதியப் பழைய அட்டையைக் கொடுத்துவிட வேண்டும், தேதியும் அடுத்த வருஷக் கடைசியில்தான் என்று ஜன்னல் பெண் சொன்னாள். அதுவரை இந்த வால்வு தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அக்காவைப் பார்க்காமல், “பார்க்கலாம்” என்றார்.

வெளியே படிக்கட்டில் அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். “ஏன்டா, அந்த வரிக்கு என்ன நிலைன்னு சொன்ன?”

“தகவல்.”

“அந்தத் தகவலையாவது வெச்சிருக்காங்களா?”

“இல்லக்கா. தகவல்னா சேமிக்க மாட்டாங்க.”

“அடப்பாவிங்களா, நான் ஒரு தகவலாக்கூட இல்லையா?” என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் உதடு நீலமாகிவிட்டது. மாமா பையைக் கீழே போட்டுவிட்டு அவள் முதுகைத் தடவினார். நான் அங்கே நின்றபடி என் அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினேன். திட்டி என்ன, எழுத்து மூலம் புகாரும் கொடுத்தேன். அக்காவைக் கையால் பட்டியலில் சேர்க்க அனுமதி கேட்டேன். அதற்குப் பிழை அறிக்கை எண் வேண்டும் என்று பதில் வந்தது. பதிலின் கீழே, ‘உங்கள் புகார் பெறப்பட்டது. நிலை: தகவல்’ என்று இருந்தது. சேமிக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

மழை தொடங்கிய ஒரு சாயங்காலம், துணி எடுக்க மாடிக்குப் போன அக்கா நடுப்படியில் உட்கார்ந்தாள். மாமா மேலே போய்ப் பார்க்கும்போது துணிகள் மடியில் இருந்தன, தலை சுவரில் சாய்ந்திருந்தது. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவசரப் பிரிவு டாக்டர் சின்னப் பெண். அக்காவின் ரவிக்கைக்குள் இருந்த அட்டையை எடுத்து, அதில் இருந்த எண்ணைத் தட்டி, இறந்துவிட்டார் என்று பதிந்தாள். இறப்பைப் பதியும் இடத்தில் எண்ணை மட்டும்தான் கேட்கும். ஆள் இருந்தாரா என்று அப்புறம்தான் சரிபார்க்கும்.

நான் அக்காவின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது. சமாதானம்தான். பின்னால் சங்கு ஊதுவது எனக்கே கேட்டது.

“மீட்பர், எங்க இருக்கீங்க? உடனே வாங்க. அபாயம்.”

“சார், இங்க என் அக்கா இறந்துட்டா.”

“அதைவிடப் பெரிசுய்யா இது. விளக்கு எரியுது.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அக்காவை அனுப்பிவைத்துவிட்டு, சில நாள் கழித்துத்தான் அலுவலகத்துக்குப் போனேன். சங்கின் கம்பியை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள், விளக்கை மட்டும் அணைக்க முடியவில்லை. திரையில் அந்த வரி அப்படியே நின்றது. ‘பட்டியலில் இல்லாத நோயாளி இறந்துள்ளார். பதிவுகள் முரண்படுகின்றன. நிலை: அபாயம்.’ பயந்த சுபாவக்காரர் என்றைக்கோ போட்டு வைத்த நிலை. மீட்பின்போது வரும் வரி இல்லை என்பதால் குழுவுக்கு இதில் அதிகாரம் கிடையாது. இருந்த இடம் தெரியாமல் அக்காவை அழித்தது தகவல். இல்லாதவள் இறந்துபோனது அபாயம். என் அக்காவுக்காக அந்தக் கட்டடம் பதறியது அந்த ஒரு முறைதான்.

குழு கூடியது. இம்முறை இயக்குநரும் இருந்தார். “முதல்ல நம்ம மீட்பரோட அக்காவுக்காக எழுந்து நின்னு மௌனமா இருப்போம்” என்றார் சமாதானம். நின்றார்கள். உட்கார்ந்தார்கள். “சரி, இப்ப அவங்க இறக்கலன்னு எப்படிக் காட்டறது?” என்று கேட்டார்.

வழி இரண்டுதான். அக்கா பட்டியலில் இருந்தவள்தான் என்று ஒப்புக்கொண்டு அவளைச் சேர்க்கலாம். சேர்த்தால் மீட்பில் அவளைத் தொலைத்தது வெளியே வரும், பலகை பூஜ்யமாகும். இல்லையென்றால் இறப்பு வரியை அழிக்கலாம். மொழி ஆலோசகர் என் பக்கம் திரும்பி மிகவும் பரிவோடு பேசினார். “அவங்க இறக்கலன்னு நாம சொல்லல தம்பி. அவங்க இறந்தது நம்ம பதிவுக்கு வெளியில நடந்ததுன்னுதான் சொல்றோம். நீங்கதானே மீட்பர். அந்த வரியை எடுத்துடுங்க.”

“எடுக்கறேன் சார். இறப்பை அழிக்கணும்னா பொறுப்பான அதிகாரி காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். யார் போடறீங்க?”

இயக்குநர் சமாதானத்தைப் பார்த்தார். சமாதானம் மொழி ஆலோசகரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் மனநல ஆலோசகர்தான் வழி கண்டுபிடித்தார். விளக்கு எரிவதில் தவறில்லை, சிவப்பாக எரிவதுதான் ஊழியர்களைப் பாதிக்கிறது என்றார். மறுநாள் காலையே காவலாளி ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கின்மேல் பச்சை நிறக் கண்ணாடித்தாளைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டினார். இறங்கும் வழியில் பலகையில் நேற்றைய எண்ணைக் கழற்றி இன்றையதையும் மாட்டினார்.

அந்தக் கட்டடத்தில் என் அக்கா இருந்ததற்கு அடையாளம் அந்த ஒரு வரிதான், அவள் இறந்தாள் என்கிற வரி. அதை நான் அழிக்கப்போவதில்லை. அது இருக்கும்வரை விளக்கும் எரியும்.

விருதைக் கையோடு கொடுத்துவிட்டுப் போக, அந்த வியாழக்கிழமை பார்வையிட்ட அதிகாரிகள் திரும்பவும் வந்தார்கள். பலகைக்குக் கீழே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் வயதான ஒருவர் அண்ணாந்து பார்த்து, “போன தடவை இந்த லைட் எரியலையே. பச்சையா நல்லா இருக்கே, இது எதுக்கு?” என்று கேட்டார். இயக்குநர் வேறு யாரிடமோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றது நான்தான்.

“அது என் அக்கா சார். நாங்க அவளை லிஸ்ட்லேர்ந்து தொலைச்சுட்டோம். ஆபரேஷன் நடக்கல, செத்துட்டா. அதுக்குத்தான் எரியுது.”

அவர் என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“தகவலுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுப் போனார்.